கிர்கிஸ்தானில் மேய்ந்த ஆடு

க்ரெனிதாலூர் பள்ளத்தாக்கின் திரைப்படக் கழகத்தில் பதினோரு வருடங்களாக உலகப் படங்கள் ஓடுகின்றன. இந்தப் பதினோரு வருடத்தில் ஒரு கதாநாயகனின் பெயரைக்கூட அங்கே எவரும் நினைவில் வைத்துக்கொண்டதில்லை. படத்தில் வந்த குதிரைக்கு என்ன வயது இருக்கும் என்று கேட்டுப் பாருங்கள், பல்லை எண்ணாமலே சொல்வார்கள்.

கழகத்தை நடத்துகிறவள் ஹால்பெரா. நவம்பரிலிருந்து மார்ச் வரை ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு ஊர் மண்டபத்தில் படம். அயல்நாட்டுப் படம் நம்மை உலகத்தோடு சேர்க்கும், நம்முடைய வேரை நமக்கே காட்டும் என்று ஒவ்வொரு படத்துக்கு முன்பும் ஐந்து நிமிடம் பேசுவாள். அந்த ஐந்து நிமிடத்தில்தான் மற்றவர்கள் கோட்டைக் கழற்றி, நாற்காலி பிடித்து, மூக்கைச் சிந்தி முடிப்பார்கள். பெரு நாட்டுப் படம் ஒன்றில் தாயும் மகளும் இருபது வருடம் கழித்துச் சந்தித்துக் கதறிக்கொண்டிருந்தபோது, பின்வரிசையிலிருந்து, "அந்த லாமாவுக்குக் குளம்பு சீவி எத்தனை மாசமாச்சோ" என்று ஒரு குரல் வந்தது. பாரிஸ் காதல் கதை ஒன்றுக்குக் கருத்துப் புத்தகத்தில் ஊரே சேர்ந்து எழுதியது ஒரே வரி: "படத்தில் பிராணிகள் இல்லை."

ஹால்பெராவுக்கு இன்னொரு உத்தியோகமும் உண்டு. அவள்தான் அந்த வட்டாரத்துக் குறிப்பதிவாளர். அங்கே ஆடுகள் கோடை முழுக்க வேலியில்லாத மலையில் மேயும். செப்டம்பரில் எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டி வந்து, காதைப் பார்த்துத்தான் யாருடைய ஆடு என்று பிரிப்பார்கள். குட்டியாக இருக்கும்போதே காதில் கத்தியால் ஒரு வெட்டு. குடும்பத்துக்கு ஒரு வெட்டு. எந்த வெட்டு யாருடையது என்று எட்டு வருடத்துக்கு ஒருமுறை புத்தகம் அச்சாகும். ஒரு குறிக்கு ஒரு பெயர்தான். புத்தகத்தில் வராத குறி செத்த குறி.

அந்த வருடம் புத்தகம் அச்சுக்குப் போகிற வருடம். நவம்பர் முப்பது கடைசி நாள். மேல்ஹோல் பண்ணையின் ஸோல்விக்கு ஐம்பத்து நான்கு வயதில் தூக்கம் போனதற்கு அதுதான் காரணம்.

ஏப்ரலில் அவனுடைய அப்பா ஸ்னேபியோர்ன் இறந்துபோனார். நிலத்தை ஓடையோடு இரண்டாகப் பிரித்து மேல்ஹோல் அவனுக்கு, கீழ்ஹோல் அவனுடைய அக்கா உன்னூருக்கு என்றானது. ஆடுகள் இருநூற்றுப் பதின்மூன்று. பாதியாகப் பிரிக்க முடியாமல் இருவரும் முறைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு கிழட்டு ஆடு பெருந்தன்மையாகச் செத்துப்போய்க் கணக்கைச் சரிசெய்தது. டிராக்டர் ஒரு வாரம் இங்கே, ஒரு வாரம் அங்கே. எல்லாம் சுமுகமாக முடிந்து, கடைசியில் அப்பாவின் காதுக்குறியில் வந்து முட்டிக்கொண்டது. வலது காது நுனியில் மீன்வால் மாதிரி ஒரு வெட்டு, இடது காதின் முன்பக்கத்தில் பல்லால் கடித்தெடுத்தது போல ஒரு வெட்டு, அதற்குக் 'கடி' என்று பெயர். ஐந்து தலைமுறைக் குறி. வலது காதை ஒருவரும் இடது காதை ஒருவரும் வைத்துக்கொள்ளலாமே என்று பாதிரியார் சமாதானம் பேச வந்தார். இரண்டு வீட்டிலும் அவருக்குக் காப்பி கிடைக்கவில்லை.

மே மாதத்திலிருந்து அக்காவும் தம்பியும் பேச்சில்லை. டிராக்டர் இருக்கையில் சீட்டு எழுதி வைப்பதோடு சரி. "டீசல் போடவும்." "போட்டாயிற்று. நீ போடுவது எப்போது?" இப்படி.

குறி கிடைக்காதவர்களுக்குப் புதுக்குறி தருவார்கள். இடது காதின் அடியில் இரட்டை இறகு என்று ஒன்று காலியாக இருப்பதாக ஹால்பெரா சொல்லியிருந்தாள். இரட்டை இறகாம்! நேற்று பஸ்ஸில் வந்து இறங்கியவன் போட்டுக்கொள்கிற குறி அது. மலையிலிருந்து தன் ஆடு இறங்கி வரும்போது, ஊர் அதன் காதைப் பார்த்து "இது யாருடையது?" என்று புத்தகத்தைப் புரட்டுமே, அதை நினைத்து ஸோல்வி நடுராத்திரியில் எழுந்து தொழுவத்துக்குப் போய்விடுவான். அப்பாவின் குறி இல்லாவிட்டால் அந்தப் பள்ளத்தாக்கில் தான் யாருடைய மகனும் இல்லை என்று உண்மையாகவே பயந்தான்.

நவம்பர் இரண்டாம் ஞாயிறு கிர்கிஸ்தான் படம். கறுப்பு வெள்ளை, மூன்று மணி நேரம். படத்தின் பெயரை ஹால்பெராவே மூன்று விதமாக உச்சரித்தாள். உன்னூர் இடப்பக்கம் உட்கார்ந்தாள், ஸோல்வி வலப்பக்கம். நடுவில் கால்நடை மருத்துவர் தோர்தீஸும் பாதிரியாரும் மற்றவர்களும் எல்லைக் காவல் படைபோல உட்கார்ந்துகொண்டார்கள்.

கதை என்னவென்றால், நகரத்துக்குப் போன மகன் தாய் செத்த செய்தி கேட்டு மலைக்குத் திரும்பி வருகிறான். ஐம்பது நிமிடம் வந்துகொண்டே இருக்கிறான். கடைசியில் ஒரு கூடாரத்தின் முன்னால் முழங்காலில் விழுந்து மண்ணை அள்ளிக் கொட்டி அழுதான். ஹால்பெரா கைக்குட்டையை எடுத்தாள். அப்போதுதான் அவனுக்குப் பின்னால் மேய்ந்துகொண்டிருந்த ஒரு ஆடு நிதானமாகத் தலையைத் திருப்பியது.

"நிறுத்து!" என்று ஸோல்வி எழுந்து நின்றான்.

"நிறுத்து!" என்று அதே நொடியில் உன்னூரும் எழுந்து நின்றாள்.

"என்னய்யா இது, அவன் அம்மா செத்துட்டாங்கப்பா!" என்றாள் ஹால்பெரா.

"அந்தம்மா எங்கயும் போயிட மாட்டாங்க. ஆடு போயிடும். பின்னாடி ஓட்டு, பின்னாடி ஓட்டு!" என்றான் ஸோல்வி.

ஹால்பெரா பின்னால் ஓட்டினாள். மகன் மண்ணைத் திரும்ப வாங்கிக் கீழே வைத்துவிட்டு எழுந்து பின்பக்கமாக நடந்தான். ஆடு மறுபடி தலையைத் திருப்பியது. படம் நின்றது. பதினெட்டுப் பேரும் திரைக்கு முன்னால் போய்க் குவிந்தார்கள். பாதிரியார் நாற்காலி மேல் ஏறி நின்று கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கினார்.

வலது காது நுனியில் மீன்வால். இடது காதின் முன்பக்கத்தில் ஒரு கடி.

"ஸ்னேபியோர்ன் குறி" என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். இரண்டு பேர் தொப்பியைக் கழற்றினார்கள்.

"என் ஆடு" என்றான் ஸோல்வி.

"உன் ஆடா? உன் ஆடு கிர்கிஸ்தானுக்குப் போற வரைக்கும் நீ என்னடா பண்ணிக்கிட்டிருந்தே?" என்றாள் உன்னூர். ஆறு மாதத்தில் அவள் தம்பியிடம் வாய் திறந்து பேசிய முதல் வார்த்தை அதுதான். "அது என் பங்கு ஆடு."

"ரெண்டு பேரும் கொஞ்சம் நில்லுங்க" என்றாள் மருத்துவர் தோர்தீஸ். "அந்த வாலைப் பாருங்க. தலையணை சைசுக்குக் கொழுப்பு. நம்ம ஆட்டுக்கு வால் எவ்வளவு? சுண்டுவிரல் அளவு. இது நம்ம இனமே இல்லை."

"வயசானா உடம்பு போடாதா?" என்றான் ஸோல்வி. "நீகூடத்தான் படிச்சு முடிச்சு வந்தப்ப ஒல்லியா இருந்தே."

"காதும் தொங்குதே ஸோல்வி. நம்ம ஆட்டுக்குக் காது விறைச்சு நிக்கும்."

"ஊரை விட்டுப் போன ஆடு. மனசு உடைஞ்சு காது தொங்கிப்போச்சு. உனக்கு மருந்துதான் தெரியும், மனசு தெரியாது."

ஹால்பெரா வேறு வழியில்லாமல் இடைவேளை விட்டாள். காப்பியும், எண்ணெயில் பொரித்த பின்னல் பணியாரமும், புகையிட்ட ஆட்டுக்கறி வைத்த ரொட்டியும் மேஜைக்கு வந்தன. திரையில் அந்த ஆடு அப்படியே நின்று, தன் சொந்தக்காரர்கள் கறி தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தது.

ஆடு அங்கே எப்படிப் போயிற்று என்பதுதான் கேள்வி. அந்தக் காலத்தில் மீன் வாங்க வந்த சோவியத் கப்பலின் சமையல்காரனுக்கு ஸ்னேபியோர்ன் இரண்டு பெட்டை விற்றிருக்கலாம் என்றார் பாதிரியார். சமையல்காரன் வாங்கிய ஆடு கரைக்கு உயிரோடு போய்ச் சேருமா என்று ஒருவர் கேட்டார். அவன் நல்ல கிறிஸ்தவனாக இருந்திருக்கலாம் என்றார் பாதிரியார்.

"பக்கத்துப் பள்ளத்தாக்குக்கு ஒரு கிடாவை ஓட்டிட்டுப் போக நோய்த் தடுப்பு வேலியைத் தாண்டணும், அதுக்கு நாலு கையெழுத்து வாங்கணும்" என்று தோர்தீஸ் தலையில் அடித்துக்கொண்டாள். "இது ஆறாயிரம் கிலோமீட்டர் போயிருக்காம். கையெழுத்து போட்டது யாரு?"

உண்மை என்னவென்று எல்லோருக்கும் தெரியும். உலகத்தில் ஆடு வைத்திருக்கிறவர்கள் எல்லோருமே காதைத்தான் வெட்டுகிறார்கள். ஒருவன் வெட்டு இன்னொருவன் வெட்டு மாதிரி இருக்கத்தான் செய்யும். ஸோல்விக்கும் அது தெரியாமல் இல்லை. ஆனால் அக்கா "என் ஆடு" என்று சொல்லிவிட்ட பிறகு ஒரு மனிதனால் உண்மையை வைத்துக்கொண்டு என்ன செய்ய முடியும்?

"சட்டம் சொல்றேன், கேட்டுக்குங்க" என்றாள் ஹால்பெரா. "அடுத்தவன் மந்தையில உன் குறி கண்டா, குறிக்காரன்தான் போய் ஓட்டிக்கிட்டு வரணும். செலவு அவனுது."

"போறேன்" என்றான் ஸோல்வி.

"நான் நாளைக்கே போறேன்" என்றாள் உன்னூர்.

"உங்க ரெண்டு பேருக்கும் தலைநகர் ரெய்க்யாவிக் போனாலே தலை சுத்தும். முதல்ல கடுதாசி போடுங்க. அந்த ஆட்டுக்காரன் என்ன சொல்றான்னு பார்ப்போம்."

படத்தின் மீதியைப் பார்த்த அளவு கவனமாக ஊர் வேறெந்தப் படத்தையும் பார்த்ததில்லை. அந்த ஆடு மறுபடி இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் கைதட்டினார்கள்.

மறுநாள் காலை ஸோல்வி ஹால்பெராவின் சமையலறையில் நின்றான். அவன் சொல்ல, அவள் அதை ஆங்கிலத்தில் படத்தின் இயக்குநருக்குத் தட்டச்சு செய்தாள். "ஐயா, உங்கள் படத்தில் ஐம்பதாவது நிமிடத்தில் நிற்பது என்னுடைய ஆடு. என் அப்பாவின் குறி அதன் காதில் இருக்கிறது. தயவுசெய்து வேறு யார் கேட்டாலும் கொடுக்க வேண்டாம். குறிப்பாக ஒரு பெண் கேட்டால்." அவன் போய் அரைமணி நேரத்தில் உன்னூர் வந்தாள். அவளும் அதையே சொன்னாள், கடைசியில் ஆண் என்று மாற்றி. ஹால்பெரா இரண்டையும் ஒரே நேரத்தில் அனுப்பினாள். பதினோரு வருடத்தில் ஒரு படம் பார்த்துவிட்டு இயக்குநருக்கு எழுத வேண்டும் என்று அவளுடைய பார்வையாளர்களுக்குத் தோன்றியது இதுதான் முதல் தடவை. அழுவதா சிரிப்பதா என்று அவளுக்கே தெரியவில்லை.

பத்து நாளில் பதில் வந்தது. இயக்குநரின் உதவியாளர் ஒருத்தி ஆட்டுக்காரனைத் தேடிப்பிடித்து, அவன் சொன்னதை மொழிபெயர்த்து அனுப்பியிருந்தாள். ஹால்பெரா அதை ஊர்ப் பேச்சில் இறக்கி இரண்டு வீட்டுக்கும் ஒவ்வொரு பிரதி கொடுத்தாள். ஸோல்வி அதை ஆட்டுத் தொழுவத்தில் நின்றுகொண்டே படித்தான்.

"அன்புள்ள தம்பி, அன்புள்ள தங்கச்சி, என் பெயர் தோக்தோசுன். எனக்கு அறுபத்திரண்டு வயது. உங்கள் இருவரின் கடிதமும் சேர்ந்து வந்தது. அந்த ஆடு நல்ல ஆடு. படம் எடுத்த அடுத்த வருடம் என் மகள் கல்யாணத்தில் அதைச் சமைத்தோம். மிகவும் ருசியாக இருந்தது. உங்களுடையது என்று தெரிந்திருந்தால் உங்களையும் அழைத்திருப்போம். குறி என் அப்பா போட்டது. உங்கள் அப்பா போட்டது என்று நீங்கள் சொல்கிறீர்கள். நீங்கள் பொய் சொல்கிறவர்களாகத் தெரியவில்லை. அதனால் ஒன்று கேட்கிறேன். உங்கள் அப்பா எப்படிப்பட்டவர்? எழுதுங்கள். இருவரும் ஒரே ஆளா என்று பார்த்துச் சொல்கிறேன்."

ஸோல்வி முதலில் கல்யாணச் செய்திக்கு ஐந்து நிமிடம் கோபப்பட்டான். அப்புறம் பேனாவை எடுத்தான். அப்பாவைப் பற்றித்தானே? தன்னைவிட யாருக்குத் தெரியும்? நாற்பது வருடம் கூடவே ஆடு மேய்த்தவன்.

ஒரு மணி நேரம் கழித்துத் தாளில் இருந்தது இது: "உயரம் ஆறடி. கால் நேர். பல் எல்லாம் கடைசி வரை சொந்தம். குளிர்காலத்தில் எடை குறைந்ததில்லை. சாது." படித்துப் பார்த்தான். சந்தைக்கு வந்த கிடாவுக்கு எழுதுகிற விளம்பரம் போல இருந்தது. கிழித்துப் போட்டான். மறுநாள் எழுதியது இன்னும் மோசம், அதில் கம்பளியின் தரம் வேறு வந்துவிட்டது.

ஏழு மாதமாக அப்பாவின் குறி வேண்டும், அப்பாவின் குறி வேண்டும் என்று மல்லுக்கு நின்றவனுக்கு, அப்பா எப்படிப்பட்டவர் என்று நாலு வரி எழுத வரவில்லை. குட்டிகளுக்குக் காது வெட்டும்போது அவர் ஏதோ முணுமுணுப்பார். அது என்ன என்று அவனுக்குத் தெரியாது. அவன் பின்னங்காலைப் பிடித்துக்கொள்வான். தலையைப் பிடிப்பது எப்போதும் உன்னூர்தான். அவளுக்குத் தெரிந்திருக்கும். அந்த எண்ணம்தான் அவனை அதிகம் குத்தியது.

இருபத்தொன்பதாம் தேதி மத்தியானம், அவனுடைய வாரம் முடிய மூன்று நாள் இருக்கும்போதே, டிராக்டரைக் கீழ்ஹோலுக்கு ஓட்டிக்கொண்டு போனான். உன்னூர் கதவைத் திறந்தாள்.

"உன் முறை திங்கக்கிழமை வரைக்கும்தானே?"

"எஞ்சின் ஒரு மாதிரி சத்தம் போடுது. காட்டலாம்னு வந்தேன்."

உன்னூர் ஒரு நிமிடம் காது கொடுத்துக் கேட்டாள். "ஒண்ணும் சத்தம் இல்லையே."

"இப்ப இல்லை."

அவன் பார்வை அவள் தோளைத் தாண்டிச் சமையலறை மேஜைக்குப் போனது. அங்கே கிழித்துச் சுருட்டிய தாள்கள் ஒரு கூடை நிறையக் கிடந்தன. உன்னூர் சட்டென்று கதவை மறைத்தாள். அப்புறம் பெருமூச்சு விட்டு விலகிக்கொண்டாள்.

"நீ எத்தனை பக்கம் எழுதியிருக்கே?" என்று கேட்டாள்.

"அஞ்சு வரி."

"என்னன்னு?"

"பல்லு சொந்தம்னு."

உன்னூருக்கு வாய் கோணியது. சிரிப்பை அடக்குகிறாள் என்று அவனுக்குத் தெரியும். "நானும் பல்லுலதான்டா ஆரம்பிச்சேன்" என்றாள். "உள்ள வா. குளிர் வருது."

இரண்டு பேரும் மேஜைக்கு எதிரெதிரே உட்கார்ந்தார்கள். முதல் வரிக்கே சண்டை. அப்பா சாது என்றான் அவன். யார், அஞ்சல்காரனைச் சாணிக்குழியில் தள்ளினவரா சாது என்றாள் அவள். அஞ்சல்காரன் நம் கிடாவைக் 'குட்டை' என்று சொன்னான், தள்ளாமல் என்ன செய்வார் என்றான் அவன். அந்தக் கிடாவை அவர் கடைசி வரை "ஐயா" என்றுதான் கூப்பிட்டார். அதை எழுதிக்கொண்டார்கள். ராத்திரி கட்டிலில் படுத்துக்கொண்டு குறிப் புத்தகத்தைக் கதைப் புத்தகம் மாதிரி படிப்பார், சில பக்கங்களில் சிரிப்பார். அதையும் எழுதினார்கள்.

"என்னை ஆடு பிரிக்கிற இடத்துல விட்டுட்டு வந்தாரே, அதை எழுது" என்றான் ஸோல்வி. "வேற எவனோட புள்ளையையோ வண்டியில ஏத்திக்கிட்டு வந்து சோறு போட்டுப் படுக்க வெச்சுட்டார்."

"அவரைக் குத்தம் சொல்லி என்னத்துக்கு? உங்க ரெண்டு பேர் காதுலயும் குறி இல்லையே" என்றாள் உன்னூர். "அந்தப் பையன் உன்னைவிட நல்லா சாப்பிட்டான். அம்மா திருப்பி அனுப்ப யோசிச்சாங்க."

பேனா நின்றது. ஸோல்வி கேட்க வந்ததைக் கேட்டான். "காது வெட்டுறப்ப என்னமோ சொல்லுவாரே. என்ன சொல்லுவார்?"

உன்னூர் அவனைப் பார்த்தாள். "உனக்குத் தெரியாதா?"

"நான் பின்னாடியில்ல இருந்தேன். குட்டி கத்துறதுதான் கேக்கும்."

"ஒவ்வொரு குட்டிகிட்டயும் சொல்லுவார். 'கொஞ்சம் வலிக்கும் கண்ணு, மன்னிச்சுக்கோ. எந்த மலைக்குப் போனாலும் உன்னை வீட்டுக்குக் கொண்டு வந்து விட்டுருவாங்க.' அவ்வளவுதான். இருநூறு குட்டி இருந்தா இருநூறு தடவை."

ஸோல்வி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே இருட்டிவிட்டது, பார்க்க ஒன்றும் இல்லை. ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா தன்னிடம் ஒரு நாளும் அப்படிக் கண்ணே என்று சொன்னதில்லை. இரண்டடி தூரத்தில் குட்டியிடம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

"அவர் மூஞ்சி எப்படி இருக்கும் அப்ப?" என்றாள் உன்னூர். "நான் குனிஞ்சு தலையைப் பிடிச்சிருப்பேன். கையை மட்டும்தான் பார்த்திருக்கேன்."

"மூஞ்சியா? கண்ணை இறுக்க மூடிக்குவார்."

"எப்ப?"

"வெட்டுறப்பதான். பார்க்கத் தாங்காது அவருக்கு. நாக்கு நுனி வெளிய நிக்கும், ரெண்டு கண்ணும் மூடியிருக்கும், சரக்குன்னு ஒரு வெட்டு."

உன்னூர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "கண்ணை மூடிக்கிட்டா வெட்டினாரு? முப்பது வருஷமா? என் விரல் அங்கதானடா இருந்துச்சு!" இடது கைக் கட்டை விரலை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள். அதன் நுனியில் ஒரு பழைய தழும்பு. "குட்டி உதறிடுச்சுன்னு சொன்னாரு! நான் அந்தக் குட்டியை ரெண்டு வருஷம் திட்டினேன்!"

ஸோல்விக்குச் சிரிப்பு எங்கிருந்துதான் வந்ததோ. மேஜையில் தலையை வைத்துக்கொண்டு குலுங்கினான். உன்னூரும் சிரித்தாள், அப்புறம் இரண்டு பேருமே கொஞ்சம் அழுதார்கள், அப்புறம் கண் மூடியதை எழுதலாமா கூடாதா என்று மறுபடி சண்டை போட்டு, எழுதினார்கள். செத்தவரின் மானம் கிர்கிஸ்தானில் போனால் பரவாயில்லை என்று முடிவாயிற்று.

கடிதம் ஒன்பது பக்கம் வந்தது. மறுநாள் மத்தியானம் அதைக் கொடுக்க இருவரும் ஒரே டிராக்டரில் ஹால்பெரா வீட்டுக்குப் போனார்கள். வழியில் பார்த்தவர்கள் யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தார்கள்.

ஹால்பெராவின் மேஜையில் குறிப் பட்டியல் தயாராக இருந்தது. ஒரே ஒரு வரியில்தான் பெயர் காலி. "நல்ல வேளை வந்தீங்க. அஞ்சு மணிக்கு அச்சகத்துக்கு அனுப்பணும். வலது மீன்வால், இடது முன்கடி. யார் பேர் போடட்டும்?"

ஸோல்வி "என் பேர்" என்று சொல்லத்தான் ஏழு மாதமாகக் காத்திருந்தான். வாயைத் திறந்தான். பக்கத்தில் உன்னூர் நின்றாள். கட்டை விரலைத் தடவிக்கொண்டு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தன் பெயர் வந்தால், ஒவ்வொரு செப்டம்பரும் அவள் தன் ஆட்டுக் காதில் இரட்டை இறகைத் தேடிக்கொண்டு நிற்பாள். அவள் பெயர் வந்தால், தான் நிற்க வேண்டும். இரண்டையும் நினைத்துப் பார்த்தான். இரண்டும் சகிக்கவில்லை.

"ஹால்பெரா, அந்த ஆட்டைப் பார்த்தவங்க எத்தனை பேர்?"

"என்னோட பதினெட்டு."

"ஆடு யார் மந்தையில இருந்துச்சு?"

"தோக்தோசுன் மந்தையில."

"பதினெட்டு சாட்சி இருக்கு. அப்ப குறி அவனோடது. அவன் பேரை எழுது."

ஹால்பெரா பேனாவைக் கீழே வைத்தாள். "தன் மூக்கை அறுத்துக்கிட்டு எதிராளிக்குச் சகுனத் தடை பண்றதுன்னு கேள்விப்பட்டிருக்கேன். கண்ணால இப்பதான் பார்க்கறேன்."

"இதுல எதிராளி யாரு?" என்றாள் உன்னூர்.

"சரி, அவன் பேர்ல போட்டா உங்க ஆடு?"

"அவன் ஆட்டை நாங்க பார்த்துக்கறோம்" என்றான் ஸோல்வி. "வயசானவன். தூரத்துல இருக்கான். பாவம், அவனால எப்படி வந்து மேய்க்க முடியும்? ரெண்டு பண்ணையும் சேர்ந்து பார்த்துக்கறோம். என்ன உன்னூர்?"

"சம்பளம் கேக்காம" என்றாள் உன்னூர்.

ஹால்பெரா சட்டப் புத்தகத்தை எடுத்து ஒன்றரை மணி நேரம் தேடினாள். குறிக்காரன் எந்த நாட்டில் இருக்க வேண்டும் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. இப்படியும் இரண்டு பேர் பிறப்பார்கள் என்று சட்டம் எழுதியவர்களுக்குத் தோன்றவில்லை போலும். ஐந்து மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பேனாவை எடுத்தாள். "எழுத்தைச் சொல்லுங்க" என்றாள்.

ஜனவரியில் புத்தகம் வந்தது. ஹோல் பண்ணைக்காரர்களுக்கு நடுவே, ஒரு மலைப் பெயரை முகவரியாகக் கொண்டு, தோக்தோசுன் இருந்தான். அதே வாரம் அவனிடமிருந்து பதிலும் வந்தது. ஹால்பெரா அதை உறையில் போட்டு உன்னூரிடம் கொடுத்தனுப்பினாள். அவள் மேல்ஹோலுக்கு வந்து, தம்பியையே படிக்கச் சொன்னாள்.

ஸோல்வி உரக்கப் படித்தான்.

"தம்பி, தங்கச்சி. ஒன்பது பக்கமும் என் மகள் படித்துக் காட்டினாள். இரண்டு தடவை படிக்கச் சொன்னேன். கிடாவை மரியாதையாகக் கூப்பிட்டது, பிள்ளையை மாற்றிக் கொண்டுவந்தது எல்லாம் யார் வேண்டுமானாலும் செய்யலாம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு காதை வெட்டுகிறவர் உலகத்தில் இரண்டு பேர் இருக்க முடியாது. என் கையிலும் தழும்பு இருக்கிறது. ஒரே ஆள்தான். எங்களை விட்டுப் போய்ப் பதினாறு வருடம் ஆகிறது. இத்தனை நாள் எங்கே போனார் என்று தெரியாமல் இருந்தேன். அவரை நன்றாக..."

ஸோல்வி அதோடு நிறுத்திவிட்டுத் தாளை அக்கா பக்கம் நீட்டினான். உன்னூர் தாளை வாங்கி, தழும்பு விரலை வரியின் அடியில் வைத்து, மீதியைப் படித்தாள்.

"அவரை நன்றாகப் பார்த்துக்கொண்டதற்கு நன்றி. அண்ணன், தோக்தோசுன்."